ராஜாவைப் பட்டினி போட்ட நிழல்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மாடமங்கலம் என்ற பட்டணத்தைச் சுந்தரவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் யானையைத் தூக்கிக் கொடுப்பார். மீசை பிடிக்கவில்லை என்று ஊரைவிட்டும் துரத்துவார். அப்பேர்ப்பட்டவர் முன்னால் நின்று பேச வேண்டும் என்றதும் உலகாயிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பாக ஏதாவது சொல்லித் தொலைத்துவிட்டால்? வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது.

உலகாயி அரண்மனைக்கு வடகம் போட்டுக் கொடுப்பவள். கடைத்தெருவுக்குப் பின்னால், வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற சந்தில் குடியிருந்தாள். அந்தச் சந்தின் கிழக்கையும் தெற்கையும் அடைத்து, சபையில் இருந்த அரிகண்டர் ஏழு நிலை மாளிகை கட்டிவிட்டார். மந்திரி சம்புநாதர் வீடு மூன்று நிலை. அதைவிடத் தன் வீடு உயரமாக இருக்க வேண்டும் என்ற பொறாமைதான். தை மாதத்து வெயில் சந்துக்குள் எட்டிப் பார்ப்பதே நின்றுபோயிற்று. வடகம் பூசணம் பூத்தது. ராஜா ஒரு வாய் கடித்துவிட்டுத் துப்பினார்.

“நிழல் கொடுத்த புண்ணியவான் நான். இவள் சோம்பேறித்தனத்துக்கு என் மாளிகையா பொறுப்பு? ஊரைவிட்டே அனுப்புங்கள்” என்று அரிகண்டர் தூபம் போட்டார். ராஜா அவளைச் சபையில் விசாரிக்க நாள் குறித்தார்.

விசாரணைக்கு முதல் நாள் உலகாயி மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றாள். வழக்கையே பேசாதே, ஒரு வேண்டுகோள் மட்டும் வை என்று சொல்லிக் கொடுத்தார் அவர். அதையும் தப்பாகச் சொல்லிவிட்டால் என்றாள். பயப்படுகிறவள் சுருக்கமாகத்தான் பேசுவாள், அதுவே நல்லது என்றார்.

சபையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “மகாராஜா இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முற்றத்தில் குளிக்க வேண்டும். காரணத்தை அங்கே சொல்கிறேன்.”

ஞாயிறுதோறும் ராஜாவுக்கு விரதம். குளித்த கல்லிலேயே ஈரவேட்டியோடு நின்று சூரியனைக் கும்பிட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீரும் குடிப்பார். புது இடம் என்றதும் அவருக்கு உற்சாகம். அரிகண்டருக்கோ அதைவிட உற்சாகம். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் தன் ஏழு நிலையின் அழகு தெரியும் என்றார்.

ஞாயிறு வந்தது. ராஜா குளித்தார், கைகூப்பினார், அண்ணாந்தார். சுவர் தெரிந்தது. நேரம் போயிற்று. பல் தந்தியடித்தது. பக்கத்து வீட்டில் நெய்ப்பொங்கல் மணத்தது.

“சூரியன் இதோ வந்துவிடுவான் மகாராஜா” என்று அரிகண்டர் விசிறினார். அதில் இன்னும் குளிர் ஏறியது.

உச்சியும் தாண்டியது. ராஜாவின் வயிறு கூட வந்திருந்த சபைக்கே கேட்கும்படி கத்தியது. “மந்திரி, என் பட்டணத்தில் சூரியனே இல்லையா?”

“இருக்கிறார் மகாராஜா. அரிகண்டர் வீட்டு ஏழாம் மாடியில் குடியேறிவிட்டார்.”

ராஜா உலகாயியைப் பார்த்தார். அவள் ஈரம் காயாத வடகத் தட்டை நீட்டினாள். “இதுவும் தங்களைப் போலத்தான் நின்றுகொண்டிருக்கிறது மகாராஜா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. போச்சு, தலை போச்சு என்று நினைத்தாள். ராஜாவோ பல் கிடுகிடுக்கச் சிரித்தார்.

“அரிகண்டரே, எனக்கு இன்று சாப்பாடு போயிற்று. வருகிற ஞாயிறும் இதே கல்லில்தான் குளிப்பேன். ஈரவேட்டியோடு நீரும் என் பக்கத்தில் நில்லும். இங்கே வெயில் விழுகிறவரை உமக்கும் சோறு கிடையாது.”

அந்த வாரமே மாளிகையின் நான்கு நிலைகள் இறங்கின. செங்கல் சுமந்தவர்களில் அரிகண்டரும் ஒருவர். ஞாயிறன்று முற்றத்தில் வெயில் விழுந்தது. ராஜா கும்பிட்டுவிட்டு மொறுமொறுவென்று வடகம் தின்றார். சம்புநாதருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று உலகாயியைக் கேட்டார். அந்தக் குளிக்கிற கல் போதும் என்றாள்.

கல் அங்கேயே கிடந்தது. சந்தில் யாராவது மேல்மாடிக்குச் செங்கல் இறக்கினால் போதும், அவள் வாய் திறக்கமாட்டாள். கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுற்றிக் கோலம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை விரதத்துக்கு வரச்சொல்லி அரண்மனைக்கு ஆள் அனுப்பிவிடுவாள்.