சோழர் குழியில் கற்கோடரி

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்களுக்குத்தான் இந்த வழக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அகழாய்வுப் பயிற்சி முகாமில் சேர்ந்த நாள் முதலே செண்பகவல்லிக்கும் ஜெபராஜுக்கும் ஆகாது. முதல் வாரம் மலைச்சரிவில், கற்கால மனிதர் வாழ்ந்த இடத்தில் பயிற்சி. ஜெபராஜுக்கு இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன, அவளுக்கு ஒன்றுமில்லை. "கல்லுக்கும் மண்ணாங்கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளையெல்லாம் சேர்த்தா இப்படித்தான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அன்றிலிருந்து அவனை "அது" என்றே சொல்வாள்.

இரண்டாம் வாரம் ஆற்றங்கரை மேட்டுக்கு மாறினார்கள். அங்கே புதைந்து கிடந்தது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சோழர் காலச் செங்கல் சுவர். போதாத காலம், இருவருக்கும் ஒரே குழி. முகாமில் கறாரான சட்டம் ஒன்று உண்டு: மண்ணில் எது தென்பட்டாலும் படமும் அளவும் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, செண்பகவல்லி சுரண்டிய இடத்தில் வழவழப்பான கல் ஒன்று தலைகாட்டியது. அட, கற்கோடரி! ஒரு வாரமாகப் பட்ட அவமானம் அவள் புத்தியை முந்திக்கொண்டது. பெயர்த்துத் தூக்கிவிட்டாள். "காட்டு" என்று பிடுங்கிய ஜெபராஜ், மண் சுமக்கும் பாப்பாத்தி அப்போதுதான் கொண்டுவந்து வைத்த குடிதண்ணீர் வாளிக்குள் அதை முக்கி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"அட பாவி, குடிக்கிற தண்ணியில முக்கிட்டியே!" என்று பாப்பாத்தி கத்தினாள்.

அவன் காதிலேயே வாங்கவில்லை. கல்லோடு நேரே இயக்குநர் சுந்தரவதனத்திடம் ஓடினான். பின்னாலேயே செண்பகவல்லியும் பாப்பாத்தியும் ஓடினார்கள். "சார், மலையில இருந்து திருடிட்டு வந்து இங்க புதைச்சிருக்கா."

இயக்குநர் கல்லைப் புரட்டிப் பார்த்தார். பொட்டு மண்கூட இல்லை. "ஆயிரம் வருஷத்து மண்ணுல நாலாயிரம் வருஷத்துக் கல் எப்படிம்மா வரும்?"

"எங்க ஊர்ல இந்த மாதிரிக் கல்லை இன்னைக்கும் மரத்தடியில பிள்ளையார்னு வச்சுக் கும்பிடறாங்க சார். அந்தக் காலத்துலயும் யாராவது எடுத்துட்டு வந்து வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம். படம் எங்க?"

எடுத்திருந்தால்தானே காட்ட. "வெள்ளையா சாந்து அப்பியிருந்துச்சுங்கய்யா, என் கண்ணால பார்த்தேன்" என்றாள் பாப்பாத்தி. "மண் சுமக்க வந்தவ சாட்சி சொல்ல வந்துட்டா" என்று ஜெபராஜ் சிரித்தான். செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலப் பேருந்தில் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டால் திருடி என்ற பெயர் நிலைத்துவிடும். அப்புறம் எந்தக் குழியிலும் அவளை இறங்க விடமாட்டார்கள்.

இங்கே நிறுத்துகிறேன். தொடக் கூடாததைத் தொட்டவள் அவள். கழுவக் கூடாததைக் கழுவியவன் அவன். நீங்கள் இயக்குநராக இருந்தால் இருவரில் யாரை ஊருக்கு அனுப்புவீர்கள்? அதற்கு முன் எதைப் பார்ப்பீர்கள்?

விடை: வாளியைப் பார்க்க வேண்டும். குடிக்க வைத்த சுத்தமான தண்ணீரில் அந்தக் கல்லைத் தவிர வேறெதுவும் விழவில்லை. இயக்குநர் நீரை வடித்தார். அடியில் சாந்துச் சில்லுகள் கிடந்தன, ஒரு பக்கம் கல்லின் வளைவு அப்படியே பதிந்து. சுவரில் இருந்த அதே சாந்து. அந்தச் சுவரைக் கட்டியவர்களே ஈரச் சாந்தில் பதித்து வைத்த கல் அது. அவசரப்பட்டது தவறு, பொய்ப்பழி போட்டது குற்றம். ஆகவே பேருந்து ஏற வேண்டியவன் ஜெபராஜ், ஏறினான். அதற்காக செண்பகவல்லி ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். படம் இல்லை, அளவு இல்லை. பதிவேட்டில் அந்தக் கோடரிக்கு நேரே "கிடைத்த இடம் உறுதியில்லை" என்று அவளையே எழுதச் சொன்னார் இயக்குநர். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அன்று முழுக்க அவள் திட்டித் தீர்த்தது தன் கையைத்தான்.