ஏன் முதலில் பத்தைக் கொடுக்கிறார்கள்

அந்தக் காலத்தில் கணக்குப் போடும் மென்பொருள்களுக்கு வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லாது. இந்த இரண்டாவது குணத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடலோரத்தில் ஊர் முழுக்க இறால் குளங்கள், நடுவே ஒரு சோதனைக்கூடம். குளத்துத் தண்ணீரில் எவ்வளவு கிருமி என்று அங்கே எண்ணுவார்கள். கிருமி ஆயிரம், லட்சம் என்று போகும். சைபரை எண்ணியே கண் பூத்துவிடும். அதனால் எண்ணை அப்படியே எழுதாமல் அதன் லாக்கை எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் மடக்கை என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். ஒரு சின்ன எண்ணை எத்தனை தரம் பெருக்கினால் இந்தப் பெரிய எண் வரும் என்ற கணக்கு. எந்தச் சின்ன எண் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கிறீர்கள், அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. லாக் ஐந்தைத் தாண்டினால் அது நோய்க் குளம்; பிளீச்சிங் பவுடர் கொட்டி இறாலை அழித்துவிட்டுத்தான் தண்ணீரை வடிக்க வேண்டும்.

சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் பிலோமினா. அவள் கணினியில் கட்டம் கட்டமாக இருக்கும் விரிதாளில் கணக்குப் போடுவாள். அந்த வாரம்தான் தலைமையகத்திலிருந்து நமச்சிவாயம் என்பவர் வந்து இறங்கியிருந்தார். கையோடு ஒரு புள்ளியியல் மென்பொருளையும் கொண்டுவந்திருந்தார். விரிதாள் சொல்வதைச் சரிபார்க்க வந்ததாகச் சொன்னார். சரிபார்க்க வருகிறவர் நம்பிக்கையோடு வருவாரா என்ன?

அன்று சூசையப்பன் குளத்துத் தண்ணீர் வந்தது. இறால் விட்டு எண்பது நாள், இன்னும் இருபது நாளில் பிடித்துவிடலாம். எண்ணிப் பார்த்ததில் மில்லிக்குப் பதினாறாயிரம் கிருமி. அந்த எண்ணில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. பதினாறாயிரத்தை உள்ளே கொடுத்தார்கள். விரிதாள் 4.2041 என்றது. மென்பொருள் 9.6803 என்றது. ஒன்றின்படி குளம் பிழைக்கும், மற்றதன்படி சாகும்.

சூசையப்பன் பிலோமினாவுக்குத் தாய்மாமன். நமச்சிவாயம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மாமா குளமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குமேல் சொல்லித்தான் ஆக வேண்டுமா? பிலோமினாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

விசாரணை தொடங்கியது. நீ சொன்னது சரியா என்று விரிதாளைக் கேட்டார். சரி என்றது. மென்பொருளைக் கேட்டார். அதுவும் சரி என்றது. உன்னை யார் தொட்டது என்று விரிதாளிடம் கேட்டதற்கு, பிலோமினா என்றது. பொய்யில்லை, தினமும் அவள்தானே தொடுகிறாள். ஆனால் நமச்சிவாயம் அதைக் குறித்துக்கொண்ட விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் குளத்துக்காரர் வீட்டில் நமச்சிவாயம் டீ குடித்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இரண்டு டீ என்றார் இன்னொருவர்.

அந்த வாரம் பார்த்த மற்ற குளங்களின் கணக்கையும் எடுத்து வைத்தார்கள். அவையெல்லாம் சுத்தமான குளங்கள், இரண்டு கணக்கிலும் ஐந்துக்குள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் மென்பொருளின் எண் விரிதாளின் எண்ணைப் போல் இரண்டேகால் பங்குக்குச் சற்று அதிகம். பிசகவே இல்லை. நல்ல மனதோடு பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் விடிந்திருக்கும். நமச்சிவாயமோ, திருட்டைக்கூட இந்தப் பெண் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்று வியந்தார்.

பிலோமினாவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்தாள். கிடங்கிலிருந்து பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். நேராக மாமா குளத்துக்குப் போனாள். கரையில் நின்ற சூசையப்பன் மூட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் விலகி வழிவிட்டார். தன் கையாலேயே கொட்டினாள். மதியத்துக்குள் குளமெல்லாம் இறால் செத்து வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் வாய்க்கால் தண்ணீரைச் சோதித்தாள். மில்லிக்குப் பத்தே பத்து கிருமி. விரிதாள் 1 என்றது. மென்பொருள் 2.3026 என்றது. பத்து என்பது விரலில் அடங்கும் எண்; அதில் யார் என்ன ஒளிக்க முடியும்?

"நீ எந்த எண்ணைப் பெருக்கினாய்?" என்று விரிதாளைக் கேட்டாள்.

"பத்தை."

"நீ?"

"இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவான ஓர் எண்ணை," என்றது மென்பொருள். "லாக் என்று மட்டும் சொன்னால் எனக்கு அதுதான் அடிமானம். பத்தை அடிமானமாக வை என்றால் வைப்பேன்."

வை என்றாள். பதினாறாயிரத்தைக் கொடுத்தாள். 4.2041 என்றது. கடைசிப் புள்ளி வரை ஒரே எண். சுவரில் இருந்த ஐந்தும் பத்தை வைத்துப் போட்ட ஐந்துதான்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" பக்கத்தில் நின்ற நமச்சிவாயம் மென்பொருளைக் கேட்டார்.

"நீங்கள் ஆட்களைப் பற்றித்தான் கேட்டீர்கள்," என்றது மென்பொருள்.

பிலோமினா குளத்துக்கு ஓடினாள். சூசையப்பன் செத்த இறாலைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"கணக்கு சரின்னு ஒனக்குத் தெரியுந்தானே, ஏன்மா கொட்டுன?"

"ஒங்களுக்காகத் திருடுனேன்னு நெனச்சுருவாங்கன்னுதான் மாமா."

"நான் நெனைக்கலியே."

அவர் மறுபடி குனிந்து வாரத் தொடங்கினார். அவளும் இறங்கி இன்னொரு கூடையை எடுத்தாள்.

அன்று முதல்தான், ஒரே லாக்குக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடை வந்தால், விவரம் தெரிந்தவர்கள் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டிலும் பத்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.