கஞ்சியில் மிளகு

"என் வயித்துல தீ இல்லை, அம்மா," என்றார் நல்லசிவம்.

யாரோ அதைத் திருடிக்கொண்டு போய்விட்டதைப் போலச் சொன்னார்.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

கரிசல் காட்டின் நடுவே, ஒரு மொட்டை மலையின் அடியில் இருந்தது அந்த மடம். அதன் தலைவி அறம்வளர்த்தாள் அம்மையார். சீடரான நல்லசிவத்தைவிட வயதில் மிகவும் இளையவர். நல்லசிவம் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஞானம் வேண்டும் என்று வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் துறந்துதான் வந்தார். தொந்தி மட்டும் அவரைத் துறக்கவில்லை.

"கொள்ளு தின்னா கொழுப்பு கரையும்னான் ஒருத்தன். தின்னேன். விடிஞ்சதும் வெறும் வயித்துல மிளகுன்னான் இன்னொருத்தன். அதையும் தின்னேன். சுக்கு, மலைத்தேன், பச்சைத் தேயிலை. எதையும் விடலை."

"என்ன ஆச்சு?"

"நெத்தி வேர்த்துச்சு."

"அப்புறம்?"

"வேர்வை காஞ்சு போச்சு."

அம்மையார் ஒரு முற்றிய தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

"அத்தனை பேரும் என்னை ஏமாத்திட்டாங்க," என்றார் நல்லசிவம். குரல் உயர்ந்தது. "எதைத் தின்னா உடம்புத் தீ நல்லா எரியும்? நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க."

"தீ இல்லாதவருக்கு இவ்வளவு கோபம் வருமா?"

நல்லசிவத்துக்கு அது பதிலாகப் படவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சில நாளில் வடக்கே இருந்த ஊர்களில் காய்ச்சல் பரவியது. அம்மையாருக்கு வைத்தியம் தெரியும். புறப்பட்டார்.

போவதற்கு முன் நல்லசிவத்தைக் கூப்பிட்டு அகப்பையைக் கையில் கொடுத்தார்.

"காலைக் கஞ்சியை நீங்க பாத்துக்குங்க."

"எப்படிச் செய்யணும்?"

"வர்றவங்க வயிறு நிறையணும். அவ்வளவுதான்."

அந்த வருஷம் மழை இல்லை. வெள்ளாமை இல்லாததால் சனங்கள் காட்டில் கருவேல மரம் வெட்டி, மண் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டார்கள். விடிந்ததும் மடத்துக்கு வந்து கஞ்சி வாங்குவார்கள். பலருக்குப் பொழுது சாயும்வரை அதுதான் சாப்பாடு.

நல்லசிவம் யோசித்தார். மனுசனுக்கு வேண்டியது சோறு இல்லை, செரிமானம் என்று அவருக்குத் தோன்றியது. ஈர விறகை அள்ளிப் போட்டால் அடுப்பு அணையத்தானே செய்யும்?

அரிசியைக் குறைத்தார். தண்ணீரைக் கூட்டினார். அந்தத் தண்ணீரிலும் பாதி கொள்ளு வேகவைத்து இறுத்தது. மிளகும் சுக்கும் இடித்து, கை நிறைய அள்ளிப் போட்டார். சமையல்காரி தாயம்மா ஏதோ சொல்ல வந்தாள்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று அவளை அடக்கினார்.

கஞ்சி வாசனை காடுவரை போயிற்று. குடித்தவர்களுக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க நல்லசிவத்துக்கு மனம் நெகிழ்ந்தது.

குதிரில் அரிசி குறையாமல் அப்படியே இருந்தது. அதுவும் அவருக்குச் சந்தோஷம். அம்மா வந்ததும் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

யாரும் குறை சொல்லவில்லை. சட்டியை நீட்டுகிறவர்கள் அகப்பை வைத்திருப்பவரிடம் குறை சொல்வதில்லை.

காய்ச்சல் தணிந்து அம்மையார் திரும்பிய அன்று, காலைக் கஞ்சி ஊற்றி முடிந்திருந்தது. அம்மையார் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நல்லசிவம் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

அப்போது மாடத்தி உள்ளே வந்தாள்.

கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுகிறவள். புருஷன் உப்பளத்தில் வேலை தேடிப் போய் இன்னும் திரும்பவில்லை. இடுப்பில் அரிவாள். கையில் கஞ்சிச் சட்டி. சட்டியை முற்றத்தின் நடுவில் வைத்தாள். அடியில் கொஞ்சம் கஞ்சி மிச்சம் இருந்தது. சட்டியின் அடி தெரிகிற மாதிரி நீர்த்திருந்தது.

"இதுல மிளகு போட்டது யாரு?"

"நான்தான்," என்றார் நல்லசிவம். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"எதுக்கு?"

"வயித்துத் தீ நல்லா எரியறதுக்கு. தின்னது சட்டுனு செரிச்சிரும். உடம்புல எதுவும் தங்காது."

"தங்காதா?"

"தங்கவே தங்காது."

மாடத்தி அவரைப் பார்த்தாள். அவர் வயிற்றையும் பார்த்தாள்.

"சாமி, இதைத்தான் என் பிள்ளைகளுக்கும் குடுத்துட்டுக் காட்டுக்குப் போறேன். முந்தியெல்லாம் உச்சிப்பொழுது வரைக்கும் தாங்கும். இப்ப வெயில் ஏறுறதுக்குள்ள சின்னவ பசிக்குதுன்னு அழுறா. பெரியவன் மண்ணைத் தோண்டி எதையோ எடுத்துத் திங்கான். எனக்கு அரிவாளை ஓங்கினா கை நடுங்குது."

நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு பேசியபோது அவள் பேச்சிலிருந்து 'சாமி' என்ற சொல் போய்விட்டது.

"பசி எடுக்கிறதுக்கு எங்களுக்கு எதுக்கு மருந்து? அதுதான் வீடு நிறையக் கெடக்கே. நீரு பெரிய விவரம் தெரிஞ்ச ஆளாமே. தீ மெதுவா எரியிறதுக்கு என்ன திங்கணும்? காலையில தின்னா ராத்திரி வரைக்கும் பிள்ளை அழாம கெடக்கணும். அதுக்கு ஒண்ணு சொல்லும். சொல்லும், கேப்போம்."

நல்லசிவம் அம்மையார் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, கேட்டீங்களா? வேலை செய்யுது. மிளகு வேலை செய்யுது."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாயம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மையாருக்குக் கோபம் வந்து நல்லசிவம் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"அவ உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா. பதில் சொல்லுங்க."

"தீயை அணைக்கிறதுக்கு யாரும் மருந்து..."

"இத்தனை பண்டம் தின்னு பாத்திருக்கீங்க. ஒண்ணு கூடவா தெரியாது?"

அம்மையார் குனிந்து மாடத்தியின் சட்டியை எடுத்துப் பார்த்தார்.

"கஞ்சியில கொள்ளு வாசம் வருதே. அது எதுக்கு?"

"கொழுத்தவனுக்குக் கொள்ளு."

"அதுக்கு முன்னால ஒண்ணு வருமே?"

அவர் தாயம்மா பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க."

"இளைத்தவனுக்கு எள்ளு."

"இப்ப இவளைப் பாருங்க."

நல்லசிவம் பார்த்தார். தினமும் சட்டி நீட்டிய கைதான். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அன்றுவரை அவர் வேர்த்த நெற்றிகளை மட்டும்தான் பார்த்திருந்தார்.

மாடத்தி அம்மையாரையும் விடவில்லை.

"நீங்க எங்க தாயி போயிருந்தீங்க?"

"வடக்கே. காய்ச்சலுக்கு."

"காய்ச்சக்காரங்களுக்கு நீங்க. எங்களுக்கு இவரா?"

"அகப்பையைக் குடுத்தது நான்தான் மாடத்தி," என்றார் அம்மையார். வேறு சமாதானம் சொல்லவில்லை.

அடுப்படிக்குப் போனார். அரிசிக் குதிரின் மூடியைத் திறந்து பார்த்தார். வெளியே வந்தபோது குரல் மிகவும் தணிந்திருந்தது. நல்லசிவத்துக்கு அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

"தாயம்மா, சோறு வடி. முதல்ல இவ வீட்டுக்குப் போகட்டும், பிள்ளைகளுக்கு. அப்புறம் காலையில வந்துட்டுப் போன எல்லார் வீட்டுக்கும். நல்லசிவம், நீங்க தனியா ஒரு கஞ்சி வைங்க. இத்தனை நாளும் போட்ட மாதிரியே அரிசி. ஊத்தின மாதிரியே தண்ணி. மிளகு வேண்டாம். சுக்கு, கொள்ளு எதுவும் வேண்டாம். உப்பு மட்டும்."

"யாருக்கு?"

"உங்களுக்கும் எனக்கும்."

குடித்தார்கள். நல்லசிவத்துக்கு வயிறு நிறைந்த மாதிரிதான் இருந்தது.

"அரிவாள் இருக்கா மாடத்தி?" என்று கேட்டார் அம்மையார். "இன்னைக்கு உன்கூட நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

மாடத்தி நல்லசிவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருமா?"

"இவருதான் முக்கியம்."

காட்டில் வெயில் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மாடத்தி வெட்டினாள். அம்மையார் முள்ளைக் கழித்தார். நல்லசிவம் கட்டைகளைத் தூக்கி மூட்டத்துக்கு அருகே போட்டார். முள் கிழித்தது. அதைப் பற்றிச் சொல்ல ஆள் தேடினார். யாரும் நிமிரவில்லை. மறுபடியும் தூக்கினார்.

நிழல் இன்னும் நீளமாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பிறகு பிசைந்தது. பிறகு எரிந்தது. கட்டையை எடுத்த கை நடுங்கியது. காடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எரிந்துகொண்டே இருந்தது. கடை கடையாகத் தேடிய தீ. தேனில் குழைத்தும் தேயிலையில் கொதிக்கவைத்தும் கிடைக்காத தீ.

"அம்மா."

"என்ன?"

"காலையில என் கையாலதான் கஞ்சி வச்சேன். மிளகு போடலை."

"போடலை."

"சுக்கும் போடலை."

"இல்லை."

"அப்ப இது எதனால எரியுது?"

அம்மையார் முள் கழித்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகளும் வெளுத்திருந்தன. அந்தக் கைகளும் நடுங்குவதை நல்லசிவம் அப்போதுதான் கவனித்தார்.



மாடத்தி அரிவாளைக் கீழே வைத்தாள். மடியை அவிழ்த்து ஒரு பனங்கிழங்கை எடுத்தாள். அது ஒன்றுதான் இருந்தது. நாரை உரித்து, ஒடித்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

"தின்னும்."

"வேண்டாம்மா. அது உனக்கு..."

"தின்னும்ங்கேன். நீரு விழுந்தா உம்மைத் தூக்கிச் சுமக்க இந்தக் காட்டுல ஆளு இல்லை."

வாங்கினார். சூடா குளிர்ச்சியா என்று கேட்கவில்லை. கொழுப்பா, கரைக்குமா என்று கேட்கவில்லை. மென்றார். நார் பல்லில் சிக்கியது. அதையும் மென்று விழுங்கினார்.

மற்ற பாதியை மாடத்தி அம்மையாரிடம் நீட்டினாள். அம்மையார் அதிலிருந்து கொஞ்சம் கிள்ளிக்கொண்டு மீதியை அவள் கையிலேயே வைத்து மூடினார்.

மூன்று பேரும் தின்றார்கள்.

நல்லசிவம் அழுதார். மாடத்தி அதைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"அழுது என்ன செய்ய," என்றாள். "எந்திரியும். மூட்டம் போட இன்னும் கட்டை வேணும்."

எழுந்தார். பொழுது சாயும்வரை சுமந்தார்.

மறுநாள் விடியும்போது மடத்து வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. அம்மையார் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். அகப்பையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது நல்லசிவத்தின் கையில்தான் இருந்தது.

மாடத்தியின் முறை வந்தது.

அவள் சட்டியை நீட்டவில்லை. குனிந்து அண்டாவை மோந்து பார்த்தாள். காரம் இல்லை. வேறு எந்த வாசனையும் இல்லை. அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"இன்னைக்கு என்ன மருந்து போட்டிருக்கீரு?"

"அரிசி," என்றார் நல்லசிவம்.

அகப்பையை உள்ளே விட்டார். அது லேசில் இறங்கவில்லை. அடிவரை அழுத்தி, மொண்டு, அவள் சட்டியில் ஊற்றினார்.

மாடத்தி சட்டியைப் பார்த்தாள். பின்னுக்கு இழுக்கவில்லை.

"இன்னும் ஊத்தும்," என்றாள்.