ஒரு மணி நேரத்தில் கம்பாலா

நைரோபி விமான நிலையத்துக்கு அருகே ஒரு வேலமரத்தில் ஒபுரா என்ற பெருநாரையும் அதன் மனைவி அன்யாங்கோவும் குடியிருந்தன. கூடு கட்டும் காலம் வந்தால் நாரைகளெல்லாம் கம்பாலா நகரத்துப் பெரிய மரத்தில் போய்க் கூடும். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஜோடியாக வந்து சேர்ந்தால்தான் உச்சிக்கிளை, பிந்தினால் கீழ்க்கிளை என்று அந்த வருஷம் அங்கிருந்த நாரைகள் சொல்லி அனுப்பியிருந்தன. கீழ்க்கிளையில் குடியிருந்தால் தலைமேல் என்ன விழும் என்று விளக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை வெயில் ஏறியதுமே அன்யாங்கோ கிளம்பிவிட்டது. ஒபுராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பாலாவுக்கு ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம் என்று விமானப் பயணிகள் பேசிக்கொண்டதை அது வேலியோரம் நின்று தன் காதாலேயே கேட்டிருந்தது.

"நம் இறக்கைக்கு அது இரண்டு நாள் வழி. வருகிறீர்களா, இல்லையா?" என்றது அன்யாங்கோ.

"நீ போய்க்கொண்டிரு. வழியில் உன்னைத் தாண்டும்போது கூப்பிடுகிறேன்."

வியாழக்கிழமை ஒபுரா ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போய், கழுத்துப் பை தொங்கும்வரை குடல் தின்றது. ஒரு தூக்கமும் போட்டது. நாலரை மணிக்குத்தான் புறப்பட்டது. தின்ற கனத்தில் மூன்று முறை ஓடிப் பார்த்த பிறகே உடம்பு தரையை விட்டு எழும்பியது. வெயில் தாழ்ந்து காற்றும் குளிர்ந்துவிட்டது. தூக்கிவிட வெப்பக்காற்று இல்லாமல் இறக்கையை அடித்து அடித்துத் தோள் கழன்றது.

ஒரு மணி நேரம் கழிந்ததும், ஊர் வந்திருக்க வேண்டுமே என்று ஓர் ஏரிக்கரையில் இறங்கியது. தண்ணீரில் கிடந்த நீர்யானையிடம், இது கம்பாலாவில் எந்தப் பக்கம் என்று விசாரித்தது.

"இது நைரோபிக்கு அடுத்த ஏரி. கம்பாலாவுக்கு இன்னும் நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது."

ஊரை யாரோ தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஒபுரா சண்டைக்கு வந்தது. கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே என்று வாதாடியது.

"யார் கணக்கில் ஒரு மணி நேரம்?" என்று கேட்டது நீர்யானை.

ஒபுரா வானத்தில் போன விமானத்தை அலகால் காட்டியது. நீர்யானை விமானத்தைப் பார்த்தது, ஒபுராவைப் பார்த்தது. பிறகு தண்ணீருக்குள் முங்கிவிட்டது.

ஒபுரா கம்பாலா போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை மாலை. உச்சிக்கிளையில் யாரோ ஒரு ஜோடி அமர்ந்திருந்தது. அன்யாங்கோ வியாழக்கிழமை இருட்டும்வரை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து தனியாகவே பாதிக் கூட்டைக் கட்டியிருந்தது. அதன் முதுகெல்லாம் வெள்ளைத் திட்டுகள்.

ஒபுரா தலையைக் குனிந்துகொண்டு, இனி நான் என்ன செய்யட்டும் என்று கேட்டது.

"கூட்டுக்கு மேலே ஏறி நின்று இறக்கையைக் குடைபோல் விரியுங்கள். குஞ்சு பொரிக்கும்வரை மடக்கக் கூடாது" என்றது அன்யாங்கோ.

அடுத்தவர் வேகத்தை வைத்துத் தன் பயணத்தைக் கணக்குப் போடுகிறவன், தன்னை நம்பிக் காத்திருப்பவரையும் சேர்த்தே கீழே இறக்கிவிடுவான்.