காசியில் விட்டது

"சாமி, எல்லாத்தையும் விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் என்னை விடமாட்டேங்குது."

வந்து நின்றவருக்கு அறுபத்து மூன்று வயது. பெயர் குற்றாலலிங்கம். தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை. அடிவாரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி ஒன்றரை மைல் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

கேட்டுக்கொண்டிருந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஓடைக்கரையில் குடிசை போட்டு இருப்பதால் ஊர்க்காரர்களுக்கு அவர் ஓடைச்சாமி. சோற்றுப்பானையைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும் சாமி. எனக்குக் காவி குடுங்க. இங்கேயே இருந்திடுதேன்."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னா."

சாமியின் கை நின்றது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

சாமி மறுபடியும் பானையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

குற்றாலலிங்கத்தை லேசுப்பட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷம் எலுமிச்சங்காய் கமிஷன் கடை நடத்தியவர். ஒரு காயைக் கையில் எடுத்தால் எந்தத் தோட்டம், பறித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். அந்தக் கடையை மகன் கையில் கொடுத்தாயிற்று. வெற்றிலையை விட்டாயிற்று. சீட்டு விளையாட்டை விட்டாயிற்று. மெத்தையை விட்டுப் பாய்க்கு வந்து, பாயையும் விட்டு வெறுந்தரைக்கு வந்தாயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"எது விடமாட்டேங்குது?" என்றார் சாமி.

"வெளியே சொல்ல வெட்கமா இருக்கு."

"பொம்பளை விஷயமா?"

"சீச்சீ! என்ன சாமி நீங்க!"

"பின்னே?"

"காப்பி."

சாமி சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே குற்றாலலிங்கத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

*

நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் சேர்ந்து காசிக்குப் போனார்கள். கங்கையில் முழுகி எழும்போது ரொம்பப் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். விட்டால் விட்டதுதான். அப்புறம் சாகிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார்கள். குற்றாலலிங்கத்தின் மைத்துனர் கொத்தவரங்காயை விட்டார். பிறந்ததிலிருந்து அவர் அதை வாயில் வைத்ததில்லை. இன்னொருத்தி, பல்லெல்லாம் போனவள், முறுக்கை விட்டாள்.

"எனக்கு ஆத்திரம் வந்திட்டு சாமி. கங்கையையே ஏமாத்தப் பாக்குதாங்களேன்னு. நான் முங்கி எந்திரிச்சுக் கரையில நின்னு சத்தமாச் சொன்னேன். காப்பியை விட்டுட்டேன்னு. அத்தனை பேரும் வாயைப் பிளந்துட்டாங்க."

"பெருமையா இருந்துச்சோ?"

"இருந்துச்சு."

"எது வரைக்கும்?"

குற்றாலலிங்கம் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை அஞ்சு மணி வரைக்கும்."

அதற்கப்புறம் பட்ட பாட்டை அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். விடியற்காலையில் அடுக்களையிலிருந்து வாசனை வரும். நெஞ்சை அடைக்கும். அந்த வாசனைக்குப் பயந்து மொட்டை மாடிக்கு ஓடுவார். அங்கே ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, கீழே மனைவி தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் இறங்கி வருவார்.

"நாலு வருஷம் சாமி. ஒரு நாள்கூடத் தவறலை. சத்தியத்தை மீறலை. ஆனா ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கு. சில நாள் மாடியில உக்காந்து அழுதிருக்கேன். வெறும் காப்பிக்காக ஒரு மனுஷன் அழுவானா? நீங்களே சொல்லுங்க."

"அழமாட்டான்" என்றார் சாமி.

"நான் அழுதேனே."

"அதான் யோசிக்கேன்."

சாமி பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டார்.

*

மறுநாள் விடிந்தபோது ஓடைக்கரையில் மூன்று கல் கூட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாமி இருட்டோடு கீழே இறங்கிப் போய், தூக்குவாளியில் பாலும் ஒரு பொட்டலமும் வாங்கி வந்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்தார். காப்பித்தூள்.

குற்றாலலிங்கம் சடக்கென்று எழுந்து நின்றார்.

"சாமி, இது அநியாயம்."

"நீங்கதானே விட்டீங்க? நானா விட்டேன்?"

"ஒரு துறவி செய்யுற காரியமா இது?"

"தூரப் போகாதீங்க. இப்படிப் பக்கத்தில உக்காருங்க."

மறுக்க முடியவில்லை. குற்றாலலிங்கம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சாமி அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

பால் பொங்கியது. தூள் விழுந்தது. வாசனை எழுந்து முகத்துக்கு நேராக வந்தது. குற்றாலலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சு அடைக்கப்போகிறது என்று காத்திருந்தார்.

அடைக்கவில்லை.

சாமி சட்டியிலிருந்து கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஊதி ஊதி, சர்ர் சர்ர் என்று உறிஞ்சிக் குடித்தார். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஆசை மட்டும் வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் சாமி.

"எது?"

"ஏக்கம்."

"வரலையே!" குற்றாலலிங்கம் தன் நெஞ்சைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். "போயிட்டு சாமி! மலையேறி வந்த ஒரே நாள்ல போயிட்டு! நாலு வருஷம் மாடியில உக்காந்து உருட்டினதுக்குப் போகாதது, உங்க பக்கத்தில உக்காந்ததும் போயிட்டு!"

எழுந்து காலில் விழப்போனார். சாமி ஒரு கையால் தடுத்தார்.

"இருங்க. கண்ணை மூடுங்க."

மூடினார்.

"உங்க வீடு. மணி அஞ்சு. மாடிக்கு ஓடாதீங்க. அங்கேயே நில்லுங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை. இருட்டு."

"காதை வச்சுக் கேளுங்க."

முதலில் ஓடை ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"அவ பில்டரைத் தட்டுதா" என்றார் குற்றாலலிங்கம்.

"எதுக்கு?"

"டிக்காஷன் இறங்கமாட்டேங்குதுன்னு. தட்டினா இறங்காது, சும்மா இருன்னு சொல்லுவேன். கேக்கமாட்டா. விரலை மடக்கி மூடி மேல தட்டிக்கிட்டே இருப்பா. முப்பத்தோரு வருஷமா தட்டினா."

"அப்புறம்?"

"புறவாசல் கதவைத் திறந்து போட்டுட்டுப் படியில உக்காருவோம். அவ மேல்படி, நான் கீழ்ப்படி. சீனி போதுமான்னு கேப்பா. போதும்பேன். தினமும் கேப்பா சாமி. அதே சீனி, அதே தம்ளர். தினமும் கேப்பா."

கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தைப் பேச? ஒண்ணும் பேசமாட்டோம். பால்காரன் தண்ணி கலக்கான்பா. கருவேப்பிலைக்கன்னு துளிர்த்திருக்கு பாருங்கம்பா. ராத்திரி கண்ட சொப்பனத்தைச் சொல்லுவா. எல்லாச் சொப்பனத்திலயும் அவளுக்கு பஸ் போயிடும். எப்பவும் போயிடும். ஏளா, ஒரு நாளாவது சீக்கிரமாக் கிளம்பக்கூடாதான்னு கேலி பண்ணுவேன். அவளுக்குச் சிரிப்பு வந்திடும். சிரிச்சா புரையேறும். தலையில தட்டிவிடுவேன்."

நெஞ்சு அடைத்தது. நாலு வருஷமாக மாடியில் அடைத்த அதே அடைப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி, காப்பி எங்கே?"

"கையில இருக்கு."

"ருசி எப்படி?"

குற்றாலலிங்கம் தேடிப் பார்த்தார். நாக்கில் தேடினார், தொண்டையில் தேடினார். படி தெரிந்தது. கன்று தெரிந்தது. புரையேறிக் கலங்கின அவள் கண் தெரிந்தது.

"ருசி ஞாபகம் வரலை சாமி."

சாமி கொட்டாங்கச்சியை ஓடையில் அலசினார். அலசிவிட்டுக் கேட்டார்:

"இப்போ அண்ணி சொப்பனத்தை யாருகிட்டச் சொல்லுதாங்க?"

குற்றாலலிங்கம் கண்ணைத் திறந்தார். தினமும் அவள் தனியாக நின்றுகொண்டேதான் குடிக்கிறாள் போலிருக்கிறது. அதுகூட அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. அவர்தான் மாடியில் இருந்தாரே.

"காசிக்கு அண்ணியும் வந்தாங்கல்ல?"

"வந்தா."

"அவங்க எதை விட்டாங்க?"

குற்றாலலிங்கம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மைத்துனர் கொத்தவரங்காயை விட்டது தெரியும். பல்லில்லாதவள் முறுக்கை விட்டது தெரியும். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் விட்டதை இப்போது கேட்டாலும் சொல்வார்.

"தெரியலை."

"நாலு வருஷமாவா?"

"நான் கேக்கலை சாமி."

சாமி எழுந்து குடிசைக்குள் போய், ஒரு காவி வேட்டியை எடுத்துவந்து, மடித்தபடியே கல்லின்மேல் வைத்தார்.

"இந்தா இருக்கு. அதை மட்டும் கேட்டுட்டு வாங்க. வந்ததும் கட்டிவிடுதேன்."

*

குற்றாலலிங்கம் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து. உலகம்மாள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள். நிமிரவில்லை.

"எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டீகளா?"

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மனுஷனுக்கு இப்போது நாக்கு எழவில்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க இவ்வளவு பயமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"காசியில நீ எதை விட்டே?"

கீரை உருவிய கை நின்றது. உலகம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதைக் கேக்கவா மலையிலிருந்து இறங்கி வந்தீக?"

"சொல்லு."

"நான் ஒண்ணும் விடலை."

"விடலையா? சாஸ்திரிகள் மந்திரம் சொன்னாரே. நீ முங்கினியே. நான் பாத்தேனே!"

"முங்கினேன். ரொம்பப் பிடிச்சதை விடணும்னு சொன்னாவ. எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு தண்ணிக்குள்ள நின்னு யோசிச்சேன். சேலை நகையெல்லாம் ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலை. காலையில நாம ரெண்டு பேரும் புறவாசல்ல உக்காருவோம்லா, அந்த அரை மணி நேரம்தான் வந்துச்சு. அதை விட எனக்கு மனசு வரலை. தாயே, என்னால ஆகாது, மன்னிச்சுக்கோன்னு கும்பிட்டுட்டுக் கரையேறிட்டேன்."

அவள் அடுத்த ஈர்க்கை எடுத்து உருவினாள்.

"ஏறி வந்து தலையைத் துவட்டிக்கிட்டு நிக்கேன். நீங்க வந்து, விட்டுட்டேன்னு சொன்னீக."

குற்றாலலிங்கம் அழக்கூடாது என்று நினைத்தார். அழுகை கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் பார்க்காதவள் மாதிரி கீரையைச் சுளகில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து அவர் புறவாசல் கதவைத் திறந்தார். உள்ளே வெயில் விழுந்தது. போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"ஏளா."

"என்ன?"

"வெந்நீர் இருந்தா ஒரு தம்ளர் குடு."

"வெறும் வெந்நீரா?"

"ஆமா. நீயும் ஒண்ணு ஊத்திக்கிட்டு வா."