சும்மா நிற்கும் தூண்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலே நாலு பேரிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். இரண்டில் எது பெரிய தவறு என்று தெரியவில்லை. எனக்குச் சொன்னவர் பொன்னுரங்கம், சுரங்கங்களை அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

வடக்கே ஆரவல்லி மலையில், கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் தமிழ்ச் சாமியார் ஒருவர் இருந்தாராம். ஒரே சீடர், ஏகாம்பரம். சேலத்தில் கொலுசுப் பட்டறை நடத்தி, அதைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஆசையை விட்டொழிக்க வந்தவர். சாமியாரைவிட வயதில் மூத்தவர்.

சுரங்கம் வெட்டிய காலத்தில் பாறையை ஒட்டி விறகடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை விரிசல் விட்டதும் உடைத்தெடுப்பார்கள். மலை தலையில் இறங்கிவிடாமலிருக்க, வெள்ளி கலந்த பாறையையே அங்கங்கே தூணாக விட்டுவைப்பார்கள். அந்தத் தூண்களெல்லாம் கரி பிடித்து நின்றன.

ஒருநாள் ஏகாம்பரம் ஒரு தூணைத் தேய்த்துக் கழுவினார். சாம்பல் நிறத்தில் மின்னியது.

“சாமி, இதில் வெள்ளி இருக்கிறது.”

“தரையைத்தானே பெருக்கச் சொன்னேன்.”

“எல்லாத் தூணிலும் இருக்கும் போல. அந்தக் காலத்து ஆட்கள் முட்டாள்கள், சாமி. நல்ல சரக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.”

“ஆமாம். உயிரோடு வெளியே போன முட்டாள்கள்.”

ஏகாம்பரத்துக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

“ஒரே ஒரு தூண், சாமி. உங்களுக்கு வெள்ளியில் ஒரு பாதுகை செய்துவிட்டு, அத்தோடு விட்டுவிடுகிறேன்.”

“நான் செருப்பே போடுவதில்லையே.”

“எல்லாத் தூணுமா மலையைச் சுமக்கிறது? ஒன்றிரண்டு சும்மாதான் நிற்கும்.”

“அப்படியா? எது என்று கண்டுபிடியும்.”

ஏகாம்பரம் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். முதுகு கொடுத்துத் தள்ளினார். கடைசியில், உள்ளே தள்ளி நின்ற ஒரு பருத்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இதுதான். சுத்தமாகச் சும்மா நிற்கிறது.”

“நிச்சயமா?”

“வெள்ளியைத் தட்டித் தட்டியே வளர்ந்த காது, சாமி.”

சாமியார் தலையாட்டினார். பாயைச் சுருட்டினார். செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் படுத்தார்.

“ஏன் சாமி, வெளியே?”

“உம்முடைய காதில் எனக்கு முழு நம்பிக்கை. இந்த முதுகுக்குத்தான் இன்னும் பக்குவம் போதவில்லை.”

ஏகாம்பரம் உளியைத் தூணில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். மேலே பார்த்தார். மேலே ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சாமி, உள்ளே வாருங்கள். பக்கத்தில் ஒரு துணை இருந்தால் தைரியமாக அடிப்பேன்.”

“பக்கத்தில்தான் தூண் இருக்கிறதே. சும்மாதானே நிற்கிறது, துணைக்கு வைத்துக்கொள்ளும்.”

சுத்தியல் விழவில்லை. உளியைக் கீழே வைக்கும் ஓசைதான் கேட்டது.

இங்கே முடித்துவிட்டு, “ஆசை போய்விட்டது, பார்த்தீர்களா?” என்பார் பொன்னுரங்கம். ஒவ்வொரு முறையும் நானும் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் விழித்துக் கிடப்பேன். ஏகாம்பரத்துக்குப் போனது ஆசையா, வந்தது பயமா? எனக்கு எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் விட்டுப்போயிருக்கின்றன.

போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்.

“உளியைக் கீழே வைத்தார், சரி. அன்றைக்கு ராத்திரி சாமியார் பாயை எங்கே விரித்தார்? சுரங்கத்துக்குள்ளேயா, வேப்பமரத்தடியிலேயா?”