நத்தை பூசிய கதவு

அந்தக் காலத்தில் நத்தைக்குக் கதவு கிடையாது. கூட்டின் வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். எல்லா உயிரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் எல்லோரும் நத்தையிடம்தான் வருவார்கள். அதன் நீளக் கொம்பு இரண்டிலும் கண். குட்டைக் கொம்பு இரண்டிலும் மூக்கு. எங்கோ தொலைவில் இடி விழுந்தாலும் மண்ணில் படிந்த வயிற்றாலேயே அறிந்துவிடும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. விடிந்தால் போதும், தவளை வந்துவிடும்.

"அக்கா, ஏதாவது தெரியுதா?"

நத்தை நான்கு கொம்பையும் நீட்டும். "வடக்கே என்னமோ வாசனை. கொஞ்சம் பொறு."

கரையில், இலுப்பை மரத்தடியில், மருதீசன் என்றொருவர் யோகத்தில் உட்கார்ந்திருந்தார். மழை வரும்வரை கண் திறப்பதில்லை என்று சங்கல்பம். ஆனாலும் தவளையின் குரல் கேட்டதும் அவருடைய வலது கண் மெல்லத் திறந்துகொள்ளும்.

"மேகமா?" என்பார்.

"ஒரு கண்ணு மூடியாச்சு சாமி. மத்தது எப்போ?" என்று தவளை கேட்கும். அவர் சிரித்துக்கொண்டே மூடிக்கொள்வார். அடுத்த சத்தம் வரைக்கும்தான்.

ஒரு நாள் உச்சி வெயிலில் தரை அதிர்ந்தது. "இடி" என்றது நத்தை. தவளை நம்பி ஏரியின் நடுவுக்கே தாவிப் போனது. இடியில்லை. ஊருக்குள் யாரோ உரலை உருட்டியிருக்கிறார்கள். வயிறெல்லாம் வெந்து, ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தது தவளை.

"பரவாயில்லக்கா. நாளைக்குச் சரியா சொல்லு."

நத்தை அன்றுதான் தன்னைப் பார்த்தது. கொம்பை நீட்டிய ஒவ்வொரு முறையும் காற்று கொஞ்சம் ஈரத்தை நக்கிக்கொண்டு போயிருக்கிறது. உடம்பு பாதியாகிவிட்டது. மிச்சமிருந்த பசையில் ஒரு முழம் நடக்கலாம், அவ்வளவுதான்.

"தம்பி, நான் கதவைச் சாத்திக்கப் போறேன்."

"உனக்குத்தான் கதவே இல்லையே."

"பூசிக்கறேன். நடக்க வெச்சிருக்கற பசை இருக்கே."

"அதுவும் போச்சுன்னா ஒரு அடி நகர முடியாதுக்கா. மழை வராட்டி?"

"நீட்டிக்கிட்டே கெடந்தாலும் சாவுதான். இத்தனை நாள் பாத்தேனே, பாத்ததால ஒரு தூத்தலாவது விழுந்துச்சா?"

சொல்லிவிட்டு நத்தை உள்ளே போனது. பசையைக் கூட்டின் வாயில் பூசியது. அது காய்ந்து வெள்ளைத் தோலாக இறுகியது.

உள்ளே இருட்டு. கண்ணை இழுத்துக்கொண்ட பிறகும் பழைய ஏரி அல்லி பூத்து நின்றது. மூக்கை இழுத்துக்கொண்ட பிறகும் சேற்று வாசனை வந்தது. நத்தை எதையும் விரட்டவில்லை, எதன் பின்னாலும் போகவில்லை. எல்லாம் வந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

மூன்றாம் நாள் வெளியே தவளை குரல் கொடுத்தது. "அக்கா, இடி மாதிரி இருக்கு. ஒரே ஒரு கொம்பு."

கொம்பு தினவெடுத்தது. தெரிந்த குரல் வேறு. நத்தை அசையவில்லை.

தவளை காத்திருந்து பார்த்தது. சேதி சொல்ல ஆளில்லை என்றானதும் அதுவும் மண்ணைப் பறித்து, ஈரம் தட்டும் வரை இறங்கிப் படுத்துக்கொண்டது. மருதீசனின் வலது கண் திறந்தது. கேட்க யாருமில்லை. அந்த வெள்ளைத் தோலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

எத்தனை நாள் கழித்து மழை வந்ததென்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

மழையில் கதவு கரைந்தது. முதலில் ஒரு கொம்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"அக்கா, மழை வந்தாச்சு, தெரியுமா?" என்று குதித்து வந்தது தவளை.

"நீ சொல்லித்தான் தெரியுது."

மருதீசனின் தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தவளை அவரிடம் ஓடியது. "சாமி, மழை."

"விடுடா தம்பி," என்றது நத்தை. "இப்பத்தான் ரெண்டும் மூடியிருக்கு."

கோடையில் சுவர்ப் பொந்துகளில் நத்தைகள் வாய்க்கு வெள்ளை பூசிக்கொண்டு கிடக்கின்றனவே, அது அந்த வருடத்துப் பழக்கம். யோகத்தில் உட்காருகிறவர்கள் கண்ணை மூடிய பிறகும் நெடுநேரம் சும்மா இருப்பதும் அன்று முதல்தான். சும்மா இல்லை அவர்கள். உள்ளே ஒவ்வொரு கொம்பாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.